தாத்தாவின் மடக்குக்கத்தியைச் சாணைக்குக் கொடுக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், ஒரு தோல் உறைக்குள் மடக்குக்கத்தி ஒன்று கிடைத்திருக்கிறது. பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று. பெரிய அலகின் அடியில் ஒரு கிரீடம், அதன் இரண்டு பக்கமும் ஜி, ஆர் என்ற எழுத்துகள், கீழே ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டு, இங்கிலாந்து. பழுப்புப் பிடி, அதில் மரப்பட்டை மாதிரி வரிகள். சின்ன அலகு திறக்கவே மாட்டேன் என்கிறது, மூட்டில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. இது ஒரிஜினலா, விக்டோரியா மகாராணி காலத்தது என்று மாமா சொல்வது சரியா, என்ன விலை போகும், பஜாரில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துப் பளபளவென்று ஆக்கிவிடலாமா என்று கேட்கிறார். இதைப் பார்த்ததிலிருந்து இன்னும் நாலு கத்தி சேர்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, உங்கள் கேள்விகளில் அவசரமானது கடைசியில் கேட்ட சாணை விஷயம்தான். வயதும் விலையும் அடுத்த மாதம் தெரிந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. சாணைக்குக் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் வயதைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசுவதற்கே ஒன்றும் இருக்காது. அதனால் முதல் பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். தோல் சீவும் இயந்திரங்களின் அலகுகளைத் தீட்டிப் பொருத்துவதுதான் என் வேலை. எஃகு, வெப்பம், துரு ஆகியவற்றை அங்கே கற்றேன். மடக்குக்கத்தி சேர்ப்பது அப்புறம் வந்த பழக்கம், பல வருஷமாக இருக்கிறது. நான் வியாபாரி இல்லை. விலை மதிப்பிடுவதும் என் தொழில் இல்லை.

முதலில் கத்தி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பூட்டு எதுவும் இல்லாத பழைய மடக்குக்கத்தியில், பிடியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை ஓடுகிறது. அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பாகம் ஒரு ஆணியில் சுழலும்போது ஸ்பிரிங்கின் நுனி அதை அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல கத்தியைத் திறந்தால் கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், மூடும்போதும் வரும். திறந்த நிலையில் ஸ்பிரிங்கின் முதுகும் பக்கத்துப் பித்தளைத் தகடுகளும் ஒரே மட்டத்தில் இருக்கும். விரலால் தடவினால் மேடு பள்ளம் தட்டாது. அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடாது. இதையெல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளவில்லை. ஷெஃபீல்டில் பல தலைமுறையாக இதையே செய்தவர்கள் அரத்தால் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு கத்தியையும் தனித்தனியாகப் பொருத்தினார்கள். பழைய கத்தியில் நாம் ரசிப்பது முக்கியமாக இந்தக் கைவேலையைத்தான்.

இப்போது சாணைக்கு வருவோம். மோட்டாரில் ஓடும் சாணைச் சக்கரத்தில் மெல்லிய அலகை வைத்தால் முனை சில நொடிகளில் சூடாகிவிடும். எஃகை முதலில் கடினப்படுத்தி, பிறகு மிதமாகச் சூடுகாட்டிப் பதப்படுத்திய அலகு அது. சுமார் 220 டிகிரி செல்சியஸில் எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஏறும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. இரண்டாவது, மெருகுச் சக்கரம். முத்திரை எழுத்துகள் மிக மேலோட்டமாகத்தான் பதிந்திருக்கும். பாலீஷ் சக்கரத்தில் ஒரே ஒரு தடவை காட்டினால் கிரீடத்தின் விளிம்பு மழுங்கும், ஜி என்பது ஓ மாதிரி தெரியும். மூன்றாவது, அலகின் அகலம். அடியில் தீட்டாத பகுதியின் அகலத்தையும் வெட்டும் பகுதியின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ சமமாக இருந்தால் கத்தி அதிகம் தேயாதது. நம் ஊரில் கிடைக்கும் பழைய கத்திகளில் பாதிக்கு மேல் இடுப்பு மெலிந்து ஊசி மாதிரி ஆகியிருக்கும், சாணை பிடித்துச் சாணை பிடித்தே. போன எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது.

அலகின் மேல் இருக்கும் சாம்பல், கருப்பு, லேசான நீலம் இவற்றை அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கார்பன் எஃகு மாங்காய், எலுமிச்சை, வெங்காயம் எதைத் தொட்டாலும் நிறம் மாறும். அந்தக் கருமை மெல்லிய படலமாகப் படிந்து ஓரளவு எஃகைக் காக்கவும் செய்கிறது. கெடுதல் செய்வது செந்துரு மட்டும்தான். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியில் குழி தோண்டிக்கொண்டே போகும். கருமையை விட்டுவிடுங்கள், செந்துருவை மட்டும் எடுங்கள். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். புளியின் அமிலம் மூட்டுக்குள் இறங்கிவிட்டால் கழுவி எடுக்கவே முடியாது. உப்புத்தாளும் வேண்டாம்.

மூட்டில் இருக்கும் பச்சை, களிம்பு. உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டிலுள்ள செம்பு வெளியே வந்து படிந்தது. ஏன் வந்தது என்பதற்கு உங்கள் வரியிலேயே பதில் இருக்கிறது: தோல் உறை. நம் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று எங்கு திரும்பினாலும் தோல் வேலை. எதை வைத்திருந்தாலும் அதற்கு ஒரு தோல் பை தைத்துப் போட்டுவிடுவோம். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. இரும்பைத் தொட்டால் அது கருக்கும். பதனிட்ட ஈரத் தோலின் மேல் ஓர் இரும்பு ஆணியை வைத்துவிட்டால், எடுக்கும்போது அதே அளவில் நீலக் கருப்புக் கறை நிற்கும். தொழிற்சாலையில் இரும்புத் தூசு பறந்து தோலில் விழக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். குரோம் போட்டுப் பதனிட்ட தோலிலும் உப்பும் அமிலமும் மிச்சம் இருக்கும். தோல் ஈரத்தையும் இழுக்கும், மேலே பூசிய கொழுப்பு பித்தளையைப் பச்சையாக்கும். ஆகவே கத்தியை உறையிலிருந்து இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். உறையைத் தூக்கிப் போட வேண்டாம், அதுவும் தாத்தாவுடையதுதான். பக்கத்தில் தனியாக வையுங்கள்.

சின்ன அலகைத் திறக்கும் வழி பொறுமைதான். தையல் மெஷினுக்கு ஊற்றும் எண்ணெய் இரண்டு சொட்டு ஆணி இருக்கும் மூட்டில், இரண்டு சொட்டு ஸ்பிரிங் ஓரத்தில் விட்டு, கத்தியை மூட்டு கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். மறுநாள் பழைய பருத்தித் துணியால் துடைத்து, மறுபடியும் விடுங்கள். கருப்பும் பச்சையுமாகக் குழம்பு மாதிரி வெளியே வரும். வருவது நல்லது. மூங்கில் குச்சியைச் சீவி அதன் முனையால் உள்ளே இருக்கும் பிசுக்கைத் தள்ளி எடுங்கள். பெரிய அலகையும் முழுக்கத் திறந்துவைத்துவிட்டு உள்ளே நோண்டாதீர்கள், விரல் நழுவினால் நேரே கூரின் மேல் போகும். திறந்திருக்கும் அலகைத் தடித்த துணியால் சுற்றிக்கொள்ளுங்கள். நகம் வைத்து இழுக்கும் பள்ளத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் இன்னும் இரண்டு நாள் எண்ணெயில் இருக்கட்டும். குறடு போட்டு அலகைப் பிடித்து இழுக்கவே கூடாது. குறட்டின் பல் பதிந்த தடம் போகாது, பழைய அலகு அந்தப் பள்ளத்தில்தான் முதலில் ஒடியும். வெந்நீரில் போட்டு எடுக்கலாமே என்றும் தோன்றும். எலும்பு, கொம்பு எதுவானாலும் வெந்நீர் பட்டால் வெடிக்கும், வளையும்.

சமையல் எண்ணெய்கள் வேண்டாம். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஆகிவிடும், தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடித்துத் தூசியைச் சேர்க்கும். பழைய கத்திகள் இறுகிப்போவதற்கு நம் வீடுகளில் பாதிக் காரணம் இதுதான். செந்துரு இருக்கும் இடத்தில் மிக மெல்லிய எஃகு நாரை எண்ணெயில் நனைத்து, முத்திரையைத் தொடாமல், ஒரே திசையில் லேசாகத் தேய்த்தால் போதும். கூர் வேண்டுமென்றால் மெல்லிய மணல் கொண்ட தட்டையான கல்லில், கையால், எண்ணெய் விட்டுத் தீட்டுங்கள். சேகரிப்பதற்குத்தான் என்றால் தீட்டவே வேண்டாம்.

சரி, வயது. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் ஊகமும் தனித்தனி. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்துக்கு 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னரிடமிருந்து அரச அங்கீகாரம் கிடைத்தது. அதிலிருந்து அந்தந்த மன்னரின் எழுத்துகளைக் கிரீடத்தோடு அடித்தார்கள். விக்டோரியா காலம் என்றால் வி, ஆர் இருக்க வேண்டும், அது 1901-இல் முடிகிறது. ஏழாம் எட்வர்டுக்கு இ, ஆர், 1910 வரை. ஜி, ஆர் என்றால் ஜார்ஜ். அதற்குப் பின் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் இருவரும் ஆண்ட காலம் 1910 முதல் 1952 வரை, நடுவே எட்டாம் எட்வர்டின் சில மாதங்கள் நீங்கலாக. நான்காம் ஜார்ஜும் ஜி, ஆர்தானே என்று கேட்கலாம். உங்கள் கத்தியில் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருக்கிறது. பொருளின் மேல் நாட்டின் பெயரைப் போடும் வழக்கம் பிரிட்டனின் 1887-ஆம் வருஷச் சட்டத்தையும், அமெரிக்காவின் 1890-ஆம் வருஷ இறக்குமதிச் சட்டத்தையும் ஒட்டித்தான் பரவியது. ஆகவே மாமா சொல்வது சரியில்லை. முத்திரை உண்மையானால் கத்தி 1910-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. இன்னொன்றும் பாருங்கள்: அலகில் எங்காவது 'ஸ்டெயின்லெஸ்' என்று இருக்கிறதா? ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்தது 1913-இல். அந்தச் சொல் இருந்தால் அதற்குப் பிறகுதான்.

'முத்திரை உண்மையானால்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெயர் போன முத்திரையை மற்றவர்கள் அடித்துக்கொள்வது அந்தக் காலத்திலேயே பெரிய வியாபாரம். 1887-ஆம் வருஷச் சட்டம் வந்ததே, வெளிநாட்டில் செய்த கத்திகளில் ஷெஃபீல்டு என்று அடித்து விற்கிறார்கள் என்ற புகார்களால்தான். ராட்ஜர்ஸுக்கு ஒரு நட்சத்திரமும், கைகள் வெளிப்பக்கம் அகன்றுபோகும் மால்டா சிலுவை ஒன்றும் அடையாளம். அது அலகிலோ அடியிலோ இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். Rodgers என்ற ஆங்கிலப் பெயரின் நடுவே வரும் 'டி' (d) விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இது எல்லாம் சரியாக இருந்தாலும் முத்திரையை மட்டும் வைத்து நான் உறுதி சொல்ல மாட்டேன். முத்திரையைப் போலி செய்வது எளிது, பொருத்தத்தைப் போலி செய்வது கடினம். ஸ்பிரிங் மட்டம், 'டக்' சத்தம், பிடியின் இரண்டு ஓரங்களிலும் இருக்கும் வெள்ளை உலோகக் கட்டைகளுக்குள் ஆணி இருக்கும் இடமே தெரியாமல் தட்டி இழைத்திருப்பது, இவை இருந்தால் என் நம்பிக்கை கூடும். ஆணியின் தலை குமிழாக வெளியே தெரிந்தால் பிற்காலத்தில் யாரோ பிரித்து மாட்டியிருக்கலாம். அதனால் கத்தி போலி ஆகிவிடாது, ஆனால் தொடாத கத்தி என்று சொல்ல முடியாது.

பிடி எதனால் ஆனது என்பதைப் புகைப்படத்தில் முடிவு செய்ய முடியாது. கையில் வைத்து நீங்களே பார்க்க வேண்டும். மான்கொம்பு என்றால் இரண்டு பக்கத்து வரிகளும் ஒன்றுபோல் இருக்காது. பள்ளங்கள் கருத்தும் மேடுகள் வெளுத்தும் இருக்கும், ஓரத்தில் பஞ்சு மாதிரி நுண்துளைகள் தெரியும். மாட்டெலும்பில் வெட்டிய வரி என்றால் ஒழுங்காக, ஒரே அளவில் இருக்கும். மழமழப்பான இடத்தில் ஊசிமுனை அளவு கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். செல்லுலாய்டு என்றால் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள், சூடம் வாசனை வரும், அதைச் செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், செல்லுலாய்டு பட்டென்று தீப்பிடிக்கும். அப்படிப்பட்ட பிடி இருந்தால் அந்தக் கத்தியை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம். நம் வேலூர் வெயிலில் அது மெல்ல மெல்லச் சிதைந்து அமிலப் புகை விடும், பக்கத்தில் இருக்கும் கத்திகளும் துருப்பிடிக்கும்.

மான்கொம்பாக இருந்தால் சட்டம் குறுக்கே வருகிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். ஷெஃபீல்டுக்காரர்கள் பிடிக்குப் பயன்படுத்திய மான்கொம்பில் பெரும்பங்கு இந்தியாவின் கடமான் கொம்பு. இங்கிருந்து கப்பலேறிப் போய், கத்தியாகித் திரும்பி வந்தது. இன்றைக்கு 1972-ஆம் வருஷக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை விற்பதும் வாங்குவதும் குற்றம். தானாக உதிர்ந்த கொம்பாக இருந்தாலும், தந்தமாக இருந்தாலும் அதே கதைதான். பழைய பொருள்தானே என்று ஆன்லைனில் விலை போட்டுவிடாதீர்கள். வீட்டில் வைத்திருப்பது பற்றி வனத்துறை அலுவலகத்தில் நேராகப் போய்க் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மாட்டெலும்புக்கும் எருமைக்கொம்புக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

தாத்தா ராணுவத்தில் இருந்தார் என்பதற்காக இது ராணுவம் கொடுத்த கத்தி ஆகிவிடாது. பிரிட்டிஷ் ராணுவம் கொடுத்த கத்தியில் அகன்ற அம்புக்குறி ஒன்று அடித்திருக்கும், இந்திய ராணுவத்துக்கானது என்றால் அம்போடு ஐ என்ற எழுத்தும் சேர்ந்திருக்கும். கட்டம் கட்டமாகக் கீறிய கருப்புப் பிடி, தடித்த அலகு, டின் திறப்பான், கயிறு கட்ட ஒரு வளையம், சிலவற்றில் கயிற்று முடிச்சைப் பிரிக்கும் நீண்ட முள். தயாரித்த வருஷமே அதில் பொறித்திருப்பது வழக்கம். நீங்கள் சொல்வது எதுவும் அதில் சேரவில்லை. தாத்தா தன் காசில் ஆசைப்பட்டு வாங்கியதாகவே இருக்க வேண்டும் என்பது என் ஊகம். எனக்கு அதுதான் பிடித்தும் இருக்கிறது.

சேகரிக்க ஆசை என்றீர்கள். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஜோலிங்கன் என்று வெளிநாட்டுக் கத்தி ஊர்களின் பெயரைத் தேடி அலைவதைவிட, இங்கே இருப்பதிலிருந்து தொடங்குங்கள். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போன ஊர்கள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் அம்புக்குறிக் கத்திகள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் தேங்காய் உடைக்கவும் வயர் சீவவும் பயன்பட்டு முனை ஒடிந்திருக்கும். பரவாயில்லை, வருஷம் பொறித்த கத்தியைவிட நல்ல பாடம் வேறில்லை. அப்புறம் மடக்கெழுத்தாணி. பழைய கணக்குப்பிள்ளை வீடுகளிலும் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் வீடுகளிலும் கேளுங்கள். ஒரு பிடிக்குள் ஒரு பக்கம் பனையோலையை வாருவதற்குக் கத்தி, மறுபக்கம் எழுத்தாணி, இரண்டும் மடங்கி உள்ளே போகும். பேனாக்கத்தி சேர்ப்பவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை. எனக்கு ஒரு நல்ல மடக்கெழுத்தாணிக்கு முன்னால் எந்த ஐரோப்பியக் கத்தியும் இரண்டாவதுதான். நம் ஊர்க் கொல்லர் அடித்தது, நம் எழுத்தைச் சுமந்தது. முடிந்தால் யார் வீட்டுடையது, யார் பயன்படுத்தியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள். சென்னைப் பல்லாவரத்தில் பழைய பொருள்கள் விற்கும் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் காட்பாடியிலிருந்து ரயில் பிடித்துப் போய்வரலாம். முதல் சில தடவை ஒன்றும் வாங்காமல், திறந்து மூடிச் சத்தம் கேட்டுப் பழகுங்கள்.

விலைக்கு ஒரு எண் சொல்ல மாட்டேன். இணையத்தில் பார்ப்பதெல்லாம் விற்பவர் கேட்கும் விலை, உண்மையில் கைமாறிய விலை அதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். அலகு முழு அகலத்தோடு இருப்பது, முத்திரை தெளிவாக இருப்பது, பிடியில் விரிசல் இல்லாதது, இரண்டு அலகும் 'டக்' என்று திறப்பது, இந்த வரிசையில் மதிப்பு கூடும். பிடி மான்கொம்பு என்றால் சந்தை விலை என்ற பேச்சே கிடையாது.

ஆயுதச் சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள்தான் உரிமம் தேவைப்படும் வகையில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. உங்களுடையது அதன் பக்கத்திலேயே வராது. ஆனால் பட்டனை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் கத்தி கிடைத்தால் எடுக்காதீர்கள், சேகரிப்பு என்று சொன்னால் போலீஸ்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது. கோயில், ஆஸ்பத்திரி என்று சோதனை இருக்கும் இடங்களுக்குப் போகும்போது வீட்டிலேயே விட்டுப் போங்கள்.

எண்ணெயில் ஊறி சின்ன அலகு திறந்ததும் சில படங்கள் அனுப்புங்கள்: முத்திரை, பிடியின் இரண்டு பக்கமும், திறந்த நிலையில் முதுகு ஸ்பிரிங், இரண்டு அலகின் அடிப்பாகம். ஃபிளாஷ் போடாதீர்கள், எழுத்து அதில் மறைந்துவிடும். ஜன்னலோரம் காலை வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்து எடுத்தால், தேய்ந்த எழுத்தும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு 1910-க்கும் 1952-க்கும் நடுவே இன்னும் நெருக்கிச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.